காற்றுக்குக் கணக்குப் போட்ட மகளுக்கு

ரோஸ்லின் ம்மா,

எழுத உட்கார்வதும், எழுந்து போய் மழை விட்டதா என்று சன்னலில் எட்டிப் பார்ப்பதுமாக இன்றைய மத்தியானம் கழிந்துகொண்டிருக்கிறது. "ஒரு எடத்துல உக்காருங்க லா, கல்யாணம் உங்களுக்கா அவளுக்கா?" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள். நீ கவுனை வாங்கிவர ஈப்போவுக்கு இறங்கியிருக்கிறாய். மழையில் அந்த வளைவுகளில் நீ காரை எப்படி ஓட்டுகிறாயோ என்று எனக்கு ஒரு கவலை. வரும் சனிக்கிழமை உனக்கும் ஜோயலுக்கும் கல்யாணம் என்பது இன்னொரு கவலை. அது என்ன கவலை என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எழுதினால் தெரியும் என்று எழுதுகிறேன். நேரில் பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். எஸ்டேட் லயத்திலும் பிரிஞ்சாங் பாசாரிலும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கண்ணைக் கெடுத்தவனுக்கே பெண்ணைக் கொடுக்கிறான் பார் என்று என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். அதனால் இதை நீ படித்து முடித்ததும் யார் கேட்டாலும் கொடு. நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன்.

ஈப்போவில் ஒரு பாக்டரியில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்த நீ, வேலையை விட்டுவிட்டு ஜோயலோடு சேர்ந்து பெயிண்ட்பால் மைதானம் போடப் போகிறேன் என்று வந்து நின்ற நாளை நினைத்துப் பார்க்கிறேன். கியா பார்முக்கு மேலே, யாரோ கோஸ் பயிர் போட்டுக் கைவிட்ட சரிவு அது. பழைய லோரி டயர்களை அடுக்கிச் சுவர் கட்டினீர்கள், சுற்றிலும் வலை கட்டினீர்கள். டூரிஸ்ட்டுகள் வந்து, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, சாயம் அடைத்த உருண்டையால் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்வார்கள் என்று நீ விளக்கினாய். "துட்டு குடுத்து அடி வாங்குறானுங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். நான் சிரித்தேன். ஆனால் லோரி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அங்கேதான் வந்து நிற்பேன். சும்மா இருக்க என்னால் முடியாது. விளையாட்டுக்கு நடுவில் போய் நின்று, அடிபட்டவர்களை வெளியே அனுப்புகிற வேலையை எனக்குக் கொடுத்தாய். எனக்கும் ஒரு மாஸ்க் கொடுத்தாய்.

ஆரம்பத்தில் இருந்தே அந்த இடத்தில் ஒரு தொல்லை. காலைக் குளிரில் துப்பாக்கிக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன கேஸ் தோங்கில், அந்தக் கைக்கடக்கமான சிலிண்டரில், அழுத்தம் இறங்கிவிடும். உருண்டைகள் பாதி தூரத்தில் பொத்தென்று விழும். கோலாலம்பூரில் இருந்து வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உனக்கும் அவமானம், ஜோயலுக்கும் அவமானம். அவன் என்ன செய்தான்? துப்பாக்கியில் வேகத்தைக் கூட்டுகிற ஸ்குரூவைக் கொஞ்சம் முறுக்கி வைத்தான். நீ என்ன செய்தாய்? தோங்குகளை வெயில் படுகிற தகரத்தின் மேல் அடுக்கி, சூடாக வைத்துக்கொண்டாய். இரண்டு பேரும் ஒரே தொல்லைக்கு ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தீர்கள். ஒருத்தர் செய்தது மற்றவருக்கு அப்போது தெரியாது. ஒளித்துச் செய்தீர்கள் என்று சொல்லமாட்டேன். சொல்லிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் பனிமூட்டம். பிறகு சின்ன மழை, அதற்குப் பிறகு சுள்ளென்று வெயில். ஆள் குறைகிறது என்று ஜோயலும் ஒரு பக்கத்தில் சேர்ந்து விளையாடினான். என் மாஸ்க்குக்குள் ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியவில்லை. வலைக்குள் இருக்கும்வரை மாஸ்க்கைத் தூக்கவே கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். டயர் சுவருக்குப் பின்னால்தானே நிற்கிறோம், சட்டைத் துணியால் ஒரு துடை துடைத்துக்கொள்ளலாம் என்று தூக்கினேன். துடைத்துக்கொண்டே ஒரு எட்டு வெளியே வைத்தேன். நான் நின்றதும் நடந்ததும் ஜோயலுக்குத் தெரியாது. அவன் அந்தச் சுவரைப் பார்த்துச் சுட்டான். சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. இடது கண்ணில் இருந்து வழிந்தது மஞ்சள் சாயமா ரத்தமா என்று கையை மோந்து பார்த்தேன். ஜோயல் துப்பாக்கியைப் போட்டுவிட்டு "அங்கிள், அங்கிள்" என்று ஓடிவந்தது தெரியும். நீ ஓடிவரவில்லை. விளையாட்டைப் பார்த்து விசில் ஊத நீ ஏறி நிற்கிற அந்த மர மேடையிலேயே விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டாய். அதை நினைத்து நீ இன்னும் குமைவது எனக்குத் தெரியும். கால் நகரவில்லை, அவ்வளவுதானே. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். ஒற்றைக் கண்ணோடு லோரி ஓட்ட லைசென்ஸ் கிடையாது. மேனேஜர் நல்ல மனுஷன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வயசு வந்ததில் இருந்து தாப்பாவுக்கும் கேமரனுக்கும் இடையே வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தவன் நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? இலை வராத நேரத்தில் எழுந்து பாக்டரியைச் சுற்றி நடப்பேன். வீட்டுக்கு வந்தால் லயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடப்பேன். ஒரு பக்கம் தெரியாமல் வேலிக் கம்பியில் இடித்துக்கொள்வேன். நீ மைதானத்தைப் பூட்டிவிட்டு வந்தாய். ஸ்குரூவை முறுக்கி வைத்திருந்தேன் என்று சொல்ல வந்த ஜோயலிடம் "இனிமே இங்க வராத" என்று சொன்னாய். பிறகு சமையல் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாய்.

அந்த நாட்களில் நம் வீட்டில் நீ உட்கார்ந்தே இருந்தாய், நான் நடந்துகொண்டே இருந்தேன். என்னதான் போடுகிறாய் என்று ஒரு நாள் நின்று கேட்டேன். பேசமாட்டாய் என்று நினைத்தேன். ஆனால் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாய்.

"ஒரு உருண்டை மூணு கிராம்ப்பா. அது வினாடிக்கு எண்பத்தஞ்சு மீட்டர் வேகத்துல போகணும். அதுக்கு மேல போகவிடக்கூடாது. துப்பாக்கிக் குழாய் ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணுக்குள்ள அந்த வேகத்தைப் புடிக்கணும்னா, பின்னால இருந்து எவ்வளவு அழுத்தம் தள்ளணும்னு பாக்குறேன்."

"எவ்வளவு?"

"சராசரியா இருபத்தேழு பி.எஸ்.ஐ."

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். லோரி டயருக்கே நூற்றுக்கு மேல் அடிப்போம். "காடி டயர்ல கூட முப்பது இருக்குமே" என்று வாசலில் நின்ற உன் காரைக் காட்டினேன்.

"ஆமாப்பா. காடி டயர விடக் கொஞ்சம் கம்மிதான்."

எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். எத்தனை ஆயிரம் டயருக்குக் காற்று அடித்திருப்பேன், அந்தக் காற்றா என் கண்ணை எடுத்தது என்று மனசு ஒப்பவில்லை. திரும்பி வந்து, தோங்கில் எழுநூறு எண்ணூறு இருக்கும் என்று ஜோயல் சொல்வானே, அது எங்கே போகிறது என்று கேட்டேன். அவன் பேரைச் சொன்னதும் உன் பேனா நின்றது. பிறகு சொன்னாய்.

"அழுத்தம் மட்டும் போதாதுப்பா. காத்து ஓடி வந்து சேரவும் வேணும். டயருக்குக் காத்து அடிக்கிற ஹோஸ் சின்னதா இருந்தா என்ன ஆகும்?"

"நேரமாகும்."

"இங்க நேரமே கிடையாது. உருண்டை குழாய்க்குள்ள இருக்கிறது ஒரு வினாடியில ஆயிரத்துல ஆறு பங்கு. அதுக்குள்ள கால் டம்ளர் அளவு எடத்தைக் காத்து வந்து நெரப்பணும். வால்வு தொறந்து மூடுற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல எவ்வளவு வருதோ அவ்வளவுதான் வேகம். ஸ்குரூவை முறுக்கினா வால்வு கொஞ்சம் கூடத் தொறந்திருக்கும். தோங்கு சூடானா அழுத்தம் ஏறும். ரெண்டுல எது நடந்ததுன்னு தெரியணும்."

"தெரிஞ்சு?"

நீ பேனாவை மூடி வைத்தாய். அம்மா பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சா யாரைக் கும்புடலாம், யாரை ஏசலாம்னு பாக்குறா" என்றாள். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய்.

ஜோயலைத்தான் நீ குற்றவாளி ஆக்கப் பார்க்கிறாய் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. தகரத்தின் மேல் நீ அடுக்கிய தோங்குகள்தான் காரணமோ என்ற பயம் உனக்கு. அப்படி இருக்கக்கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டே, இருந்தால் தெரிந்தாக வேண்டும் என்று இன்னொரு பக்கம் துடித்தாய். அந்தத் துடிப்பு எனக்குத் தெரிந்த துடிப்புதான். என் கால்களில் இருப்பது உன் கையில் இருந்தது. ஆனால் கணக்கு ஒரு இடத்துக்கு மேல் நகரவில்லை. ஸ்குரூ எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்று தெரியாமல் வேகம் தெரியாது. அந்தத் துப்பாக்கி ஜோயலிடம் இருந்தது. நீ போய்க் கேட்கமாட்டாய். நான் போனேன்.

உன் அம்மாவிடம் பாசாருக்கு என்று சொல்லிவிட்டு, கோலா தெர்லாவில் இருந்து காய் ஏற்றி வந்த ஒரு லோரியில் தொத்திக்கொண்டேன். லெம்பா பெர்த்தாம் போகும் பாதை பிரிகிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தேன். ஜோயல் அவன் அப்பாவின் தோட்டத்தில், பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தக்காளிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"அந்தத் துப்பாக்கி எங்கடா?"

"இருக்கு அங்கிள். சாக்குல சுத்தி வச்சிருக்கேன். ஸ்குரூவைத் தொடல. அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு."

"ஏன் தொடல?"

"ரோஸ்லின் கேப்பான்னு தெரியும்."

அவனும் இளைத்துத்தான் போயிருந்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு மறுநாள் மைதானத்துக்கு வா. நான் சொன்னேன்னு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தான். நீ அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய், ஆனால் போகச் சொல்லவில்லை. பனி விலகாத காலையில், குளிர்ந்த தோங்கை மாட்டி, வேகத்தை அளக்கிற கருவியை எதிரே வைத்து, டயர் சுவரைப் பார்த்துச் சுட்டாய். எண்பத்துநாலு. ஜோயல் முறுக்கிய ஸ்குரூ அந்தக் குளிருக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு தோங்கைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தோம். மூன்று பேரும் மூன்று பக்கம். நான் வலையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வெயில் ஏறியதும் அதே துப்பாக்கி நூற்றெட்டு காட்டியது. நீ ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு, சூடான தோங்கோடு சுட்டாய். தொண்ணூற்றைந்து.

தரையில் உட்கார்ந்துவிட்டாய். "ஸ்குரூ மட்டும்னா சரியா இருந்திருக்கும். வெயில் மட்டும்னா கொஞ்சம்தான் கூடியிருக்கும். ரெண்டும் சேந்ததாலதான் இப்படி" என்றாய்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றான் ஜோயல்.

"நானும்தான் சொல்லல."

நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "நான் மாஸ்க்கைத் தூக்கினது உன் கணக்குல எங்க இருக்கு?" என்று கேட்டேன். அது கணக்கில் இல்லை என்றாய். "சேத்துக்க. மாஸ்க் இல்லாத கண்ணுக்கு எந்த வேகம் பரவால்ல, அதைச் சொல்லு." போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தாய், வெகுநேரம் பார்த்தாய். நிமிராமலே சொன்னாய்: "இங்கேருந்து அந்தச் சுவர் வரைக்கும் போற எந்த வேகமும் கண்ணுக்கு ஆகாதுப்பா."

"அப்போ எண்பத்தஞ்சா இருந்தாலும்?"

"கண்ணு போயிருக்கும்."

உங்கள் இரண்டு பேரையும் விடுவிக்கிறேன் என்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்ட பிறகு எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். அதுவரை ஏச எனக்கு ஒருவன் இருந்தான். உன் கணக்கு அவனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நின்றது என் கைதான், மாஸ்க்கைத் தூக்கிய கை. மைதானத்தை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்து, ஸ்ட்ராபெரி விற்கும் கடைகளைத் தாண்டி, எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். பின்னால் ஒருவன் வருவது தெரிந்தது. ஜோயல். பக்கத்தில் வரவில்லை. ரோட்டில் லோரிகள் வருகிற என் இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வந்தான். நான் திரும்பியபோது அவனும் திரும்பினான். அந்தக் கோபம் அன்றைக்கே ஆறியது என்று சொன்னால் பொய். பல வாரம் இருந்தது. ஆனால் அதை அவன் மேல் போட அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

நீ மைதானத்தைத் திரும்பத் திறந்ததை ஊரில் திமிர் என்றார்கள். நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீ கேட்கவில்லை, நல்லவேளை. அந்த கேஸை விட்டுவிட்டு, அழுத்தி அடைத்த காற்றுக்கு மாற்றினாய். குளிரானாலும் வெயிலானாலும் ஒரே அழுத்தத்தில் விடுகிற ரெகுலேட்டரை ஒவ்வொன்றிலும் பொருத்தினாய். வருகிறவர்களின் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு துப்பாக்கியையும் அளந்து காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பாய். ஆவி படியாத மாஸ்க் வாங்கினாய். ஜோயலை வேலைக்கு மட்டும் வரச் சொன்னாய். அவனும் வந்தான், வேலையை மட்டும் செய்தான். நீங்கள் இரண்டு பேரும் "அந்தப் பக்கம் வலை கிழிஞ்சிருக்கு", "சரி" என்று மட்டும் பேசிக்கொண்டதைப் பார்க்க எனக்குத்தான் மூச்சு முட்டியது.

திறந்த கொஞ்ச நாளில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அதில் ஒரு பெரிய ஆள், மீசையும் வேர்வையுமாக. விளையாட்டு மும்முரமாக நடக்கும்போது அவர் வலைக்குள்ளேயே நின்று மாஸ்க்கின் வாரில் கை வைத்தார். நான் வெளியே நின்றிருந்தேன். எனக்குச் சத்தம் வரவில்லை. நீ மேடையிலிருந்து விசிலை ஊதினாய். அதற்குள் அவர் மாஸ்க் நெற்றிக்குப் போய்விட்டது. ஜோயல் எங்கிருந்து ஓடினான் என்று தெரியாது. அவர் முன்னால் பாய்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அவர் முகத்தை அப்படியே மூடினான். உன் விசில் காதில் விழாத யாரோ சுட்ட உருண்டை அவன் புறங்கையில் வந்து உடைந்தது.

அந்த ஆள் அவனைத் தள்ளிவிட்டு, "எதுக்கு மூஞ்சில கை வைக்கிற?" என்று மலாயில் கத்தினார். ஜோயல் நீலச் சாயம் வழிகிற கையை அவருக்கு முன்னால் நீட்டிக் காட்டினான். அதற்குள் அது வீங்க ஆரம்பித்திருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், வலைக்கு வெளியே நின்ற என் முகத்தைப் பார்த்தார். மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டார்.

நீ மேடையில் இருந்து இறங்கி ஓடினாய், ரோஸ்லின். அன்றைக்கு உன் கால்கள் நகர்ந்தன. அவன் கையைப் பிடித்து உன் சட்டைக் கையாலேயே துடைத்தாய். "முட்டாளாடா நீ" என்றாய். அவன் "கிளவுஸ் போட மறந்துட்டேன்" என்றான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் நின்றபடியே, "பாதர்கிட்ட தேதி கேளுங்கப்பா" என்று சொன்னாய். உன் அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே, "அந்தப் பையனுக்கு மொதல்ல கைக்கு மருந்து போட்டியா?" என்று கேட்டாள்.

இப்போது மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் கார் இன்னும் காணோம். உனக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கதை சொல்லி முடித்திருக்கிறேன். சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நீ கணக்குப் போடுவதை விட்டுவிடாதே. அது உன் நல்ல குணம். ஆனால் உங்கள் வீட்டில் ஒன்று கெட்டுப்போனால், யார் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று அவனிடம் சொல். அவன் என்ன செய்தான் என்று கேள். அன்றைக்கு, "குளிருதுன்னு தோங்கை வெயில்ல வச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை. அவனிடம் இருந்தும் ஒரு வார்த்தை. என் கண் அப்படியும் போயிருக்கலாம், ஆனால் நீங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டி வந்திருக்காது. அவனிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான், அதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்.

என் கவலை என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது. நேற்று கோயிலில் ஒத்திகைக்குப் போனபோது, அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் நடந்து வரவேண்டும், அதுதான் வழக்கம் என்று பாதர் சொன்னார். நானும் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இடது பக்கம் நீ வந்தால் எனக்குத் தெரியமாட்டாய். உன் கை மட்டும் தட்டுப்படும், நீ தெரியமாட்டாய். வாசலில் இருந்து பீடம்வரை அவ்வளவு தூரம் உன்னைப் பார்க்காமல் நடக்க என்னால் ஆகாது. பாதரிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ என் வலது பக்கம் வா ம்மா. எனக்கு மெதுவாக நடக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். வேகமாகப் போனால் கையைப் பிடித்து இழு.

உன்னை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
அப்பா